புலிக்குப் படியளந்தவர்

சர்க்கார் உத்தியோகம் கிடைத்துவிட்டது என்ற சேதி வந்த அன்று பட்டாபிராமன் வீட்டில் பால்பாயசம் வைத்தார்கள். வலியசாலை அக்ரஹாரத்தில் பாதித் தெரு வந்து குடித்துவிட்டுப் போயிற்று. 1912-ஆம் வருஷம். பட்டாபிக்கு வயது இருபத்தொன்று, கல்யாணமாகி எட்டு மாதம். அப்பா கோயிலில் வேதபாராயணம் பண்ணுகிறவர். மகனையும் அதில்தான் விட்டுப் பார்த்தார். பிள்ளைக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. நாலு வரி சொன்னால் மூன்றாவது வரியில் சுரம் இறங்கிவிடும். "ஒவ்வொருத்தனுக்கும் பகவான் ஒரு காரியம் வச்சிருப்பான். உனக்கு வச்சதை எங்க கொண்டுபோய் வச்சான்னுதான் தெரியலே" என்று பத்து வருஷம் அங்கலாய்த்துக்கொண்டிருந்தவருக்கு, அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

உத்தரவில் 'ஸ்டோர் கிளார்க்' என்று இருந்தது. ஸ்டோர் என்றால் காகிதம், மசி, பென்சில், கோணிப்பை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எந்த இலாகா என்பது கடைசி வரியில் இருந்தது. கடைசி வரி வரைக்கும் யார் படிக்கிறார்கள்? இரண்டாம் தடவை பாயசம் வாங்க வந்த ஒருத்தர்தான் அதை எடுத்து உரக்க வாசித்தார். மிருகசாலை.

ஊர் ஜனங்கள் காழ்ச்சபங்களா என்று சொல்லும் அந்தத் தோட்டத்துக்கு மறுநாள் காலை பட்டாபி திருநீறு பூசி, மடிப்புக் கலையாத வேஷ்டியோடு போய் நின்றார். ஸ்டோர் எங்கே என்று கேட்டார். பின்பக்கம் ஒரு ஓட்டுக் கொட்டகையைக் காட்டினார்கள். உள்ளே காகிதமும் இல்லை, மசியும் இல்லை. கூரையிலிருந்து ஒரு பெரிய இரும்புத் தராசு தொங்கியது. அதற்குக் கீழே கைவண்டியில், தோலுரித்த இறைச்சி.

வேலை இவ்வளவுதான்: தினமும் ஏழு மணிக்கு வருகிற இறைச்சியை நிறுத்து வாங்க வேண்டும். சிங்கத்துக்கு இத்தனை ராத்தல், புலிக்கு இத்தனை, சிறுத்தைக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்ததை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். முருங்கைக்காய்க்கு மேல் எதையும் கடித்து அறியாத பிள்ளைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கூண்டுகளுக்குத் தீனி போடுகிறவர் நேசமணி. பாறசாலைக்குத் தெற்கே ஊர், கிறிஸ்தவ சபைக்காரர், பட்டாபியைவிடப் பத்து வயது பெரியவர். பட்டாபியின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"சாமி, அந்த மரத்துமூட்டில போய் நில்லுங்க. அங்கோட்டு வாடை வராது. நான் நிறுத்து விளிச்சுச் சொல்லுதேன், நீங்க எழுதினாப் போதும்."

பட்டாபி மேல்வேஷ்டியால் மூக்கைக் கட்டிக்கொண்டு, முதுகைக் கொட்டகைக்குக் காட்டி, மரத்தடியில் நின்று எழுதினார். அன்றைக்கு மட்டுமல்ல, ஒரு வருஷம் அப்படித்தான் எழுதினார். மணிமணியான கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது. ரிஜிஸ்டரைப் பார்த்த சூப்பரிண்டெண்ட் துரை மெச்சிக்கொண்டார் என்று கேள்வி. எழுதுகிற பொருளை ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்காமல் இவ்வளவு அழகாக எழுத முடியும் என்பதைத் துரை எங்கே கண்டார்.

வீட்டுக்குக் கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான் வர வேண்டும். கிணற்றடியில் பெண்டாட்டி பாகீரதி நாலு குடம் தண்ணீரும் உலர்ந்த வேஷ்டியும் வைத்திருப்பாள். குளித்த பிறகுதான் நிலைப்படி தாண்டலாம். பாகீரதியின் மடி ஆசாரம் தெருவுக்கே பிரசித்தம். எச்சில் விஷயத்தில் அவள் யாரையும் நம்ப மாட்டாள். சாப்பிட்ட கை தப்பித்தவறி ஒரு பாத்திரத்தில் பட்டால் அந்தப் பாத்திரம் கிணற்றடிக்குப் போய்விடும். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் சட்டம், அவள் சட்டத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள், அவ்வளவுதான். தெருவில் அவள் புருஷனுக்கு 'புலிப் பட்டாபி' என்று பெயர் விழுந்தது. கோலம் போடும்போது அது காதில் விழுந்தால் அவள் கோலத்தைப் பாதியில் விட்டு உள்ளே போய்விடுவாள்.

இந்த லட்சணத்தில் ஒரு வருஷம் போன பின்பு, கர்க்கடகம் என்கிற ஆடி மாதத்து அடைமழையில், எலிசாள் செத்துப்போயிற்று.

எலிசாள் என்பது கிழட்டுப் பெண்புலி. நேசமணி தன் மாமியாரின் பெயரை அதற்கு வைத்திருந்தார். மாமியாருக்குத் தெரியாது. மழை தொடங்கியதிலிருந்து அது மூலையிலேயே படுத்திருந்தது. மிருக வைத்தியர் வந்தார். ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். பட்டாபி கொண்டுபோய்க் கொடுத்தார். தினமும் பத்து ராத்தல், பத்து ராத்தல், பத்து ராத்தல் என்று முத்துமுத்தாக இருந்தது.

"நேற்றுவரை தின்றிருக்கிறதே" என்றார் வைத்தியர்.

நேசமணி தலையைச் சொறிந்தார். "போட்டது பத்து ராத்தல்தான். தின்னல்ல. அஞ்சு நாளாச்சு. மழையில்லியா, அதான் வேண்டாம்னு கிடக்குன்னு நெனச்சேன். அள்ளிக் கழுகுக்குப் போட்டாச்சு."

"யாரிடமாவது சொன்னாயா?"

"ஆரும் கேக்கல்ல."

இரண்டாம் நாளே தெரிந்திருந்தால் ஏதாவது பண்ணிப் பார்த்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு வைத்தியர் கையைக் கழுவிக்கொண்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் அது போய்விட்டது.

பட்டாபிக்கு அன்றைக்கு வந்தது அருவருப்பு இல்லை, வெட்கம். ஐந்து நாள் ஒரு ஜீவன் பட்டினி கிடந்திருக்கிறது. அது வயிறார உண்டது என்று தன் கையால், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவைத்திருக்கிறோம். பொய் எழுத வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. திரும்பிப் பார்க்காததால் வந்த பொய். மூக்கைக் கட்டிக்கொண்டோமே, கண்ணையும் சேர்த்து அல்லவா கட்டியிருக்கிறோம் என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மரத்தடிக்குப் போகாமல் நேரே கொட்டகைக்குள் வந்தார். மேல்வேஷ்டியை அவிழ்த்து ஆணியில் மாட்டினார்.

"நேசமணி, நேத்து போட்டதுலே மிச்சம் இருக்கறதை எல்லாம் கொண்டா."

"மிச்சமா? அது எச்சிலாக்கும் சாமி. எலும்பும் நாத்தமுமா இருக்கும்."

"கொண்டா. நிறுக்கணும்."

நேசமணி கூடையில் அள்ளி வந்தார். கொட்டகை வாசலில் தயங்கி நின்றார். பட்டாபி கூடையைத் தாமே வாங்கி, சிறுத்தை கடித்துப் போட்ட தொடையெலும்பைத் தம் கையாலேயே எடுத்துத் தராசில் வைத்தார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து அடுத்ததை எடுத்தார். மனுஷ எச்சிலே ஆகாத குலத்தில் பிறந்தவர் மிருக எச்சிலைத் தொட்ட கதை இதுதான். ரிஜிஸ்டரில் 'போட்டது' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு கிழித்து, 'மிச்சம்' என்று எழுதினார். துரை கேட்கவில்லை, சட்டத்தில் இல்லை, யாரும் மெச்சவும் இல்லை.

அதிலிருந்துதான் பட்டாபி மனுஷராக ஆனார் என்று நான் சொல்வேன்.

மிச்சத்தைப் பார்க்கப் பார்க்க அது பேச ஆரம்பித்தது. எலும்பை உடைக்காமல் சதையை மட்டும் நக்கி வைத்தால் சிங்கத்துக்குப் பல்லில் வலி. கரடி வெல்லத்தை விட்டுவைத்தால் வெல்லம் புளித்திருக்கிறது. பானையை மாற்ற வேண்டும். கறுப்புக் குரங்குகள் பாளையங்கோடன் பழத்தை உரித்துப் போட்டுவிட்டுத் தோலைத் தின்றால் பழத்தில் ஏதோ கோளாறு. இதெல்லாம் ஒரு வருஷத்தில் தெரிந்ததில்லை. ஆறு, ஏழு வருஷம் ஆயிற்று. புலி சிங்கங்களுக்கு வாரத்தில் ஒருநாள் தீனி கிடையாது. அந்த நாளை அவர் ஏகாதசி என்பார். ஏகாதசிக்கு மறுநாளும் மிச்சம் வைக்கிற மிருகத்தை உடனே வைத்தியருக்குக் காட்டிவிடுவார். மெல்ல மெல்ல வைத்தியரே, உள்ளே நுழைந்ததும் "அய்யர் என்ன சொல்கிறார்?" என்று கேட்கும் காலம் வந்தது.

ஒரு நாள் தராசடியில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது நேசமணி சொன்னார்: "எங்க உபதேசியாரு பிரசங்கத்தில சொல்லுவாரு சாமி. ஆண்டவர் ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லி விளிப்பாராம், இன்ன வேலைக்கு வான்னு. சபையில எல்லாவனும் எந்திச்சு என்னை விளிச்சாரு, என்னை விளிச்சாருன்னு சாட்சி சொல்லுவானுவ. நானும் காதத் தீட்டிக்கிட்டுதான் இருக்கேன். என்னை ஆரும் விளிக்கல்ல. காலத்த ஏழு மணிக்குச் சிங்கம்தான் விளிக்குது."

பட்டாபி சிரிக்கவில்லை. "அதுதான் விளின்னு வச்சுக்கோயேன்" என்றார். அப்பா பத்து வருஷம் தேடிய காரியத்தைப் பகவான் இந்த நாற்றத்துக்கு நடுவில் வைத்திருக்கிறான். எப்படியோ கண்ணில் பட்டதே என்று அவருக்கு இருந்தது. காலையில் மிருகசாலை வாசலில் நுழையும்போது கோயில் வாசலில் போல ஒரு கணம் கண்ணை மூடி நிற்பது வழக்கமாயிற்று. அதை அவர் யாரிடமும் விளக்கியதில்லை; விளக்கினாலும் வலியசாலையில் எடுபடாது.

வருஷங்கள் ஓடின. அப்பா காலமானார். கொல்லைப்புறச் சந்தும் நாலு குடம் தண்ணீரும் மாறவில்லை. ஒரே பெண் சீதாலக்ஷ்மி. 1931-இல் அவளுக்குப் பதினைந்து வயது. செங்கோட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வக்கீலுக்குப் படித்தவன். பெண்ணைப் பிடித்துவிட்டது, ஜாதகமும் பொருந்திவிட்டது. பையனின் அப்பா மட்டும் காபியைக் குடித்து முடித்துத் துண்டால் வாயைத் துடைத்தபடி, பாகீரதியின் அண்ணா வெங்கடேஸ்வரனைத் தனியே கூப்பிட்டார். "எல்லாம் திருப்தி. ஆனா சம்பந்தி என்ன உத்தியோகம்னு எங்க ஊர்லே கேட்டா நான் என்னத்தைச் சொல்லட்டும்? மாமிசம் நிறுக்கறார்னா?"

வெங்கடேஸ்வரன் பெரிய சர்க்கார் கச்சேரி ஒன்றில் ஹெட் கிளார்க். காரியக்காரர். ஒரே வாரத்தில் ரிக்கார்டு அறையில் ஒரு காலி இடத்தைக் கண்டுபிடித்து, மாற்றல் மனுவைத் தாமே எழுதிக் கொண்டுவந்துவிட்டார்.

"அதே சம்பளம், பட்டாபி. ஃபேனுக்குக் கீழே நாற்காலி. கையெழுத்து மட்டும் போடு, பாக்கியை நான் பாத்துக்கறேன். ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீ மனுஷாளோட இருக்கலாம்."

பாகீரதி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் பேசிற்று. பத்தொன்பது வருஷம் கிணற்றடியில் குடம் வைத்தவளின் முகம். அந்த முகத்தையும் மகளின் கழுத்தையும் நினைத்து பட்டாபி கையெழுத்துப் போட்டார். அடித்தல் திருத்தல் இல்லை.

ஒண்ணாம் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. பொறுப்பை வாங்கிக்கொள்ள ஒரு புது கிளார்க் வந்தார். நல்ல பையன்தான். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, மரத்தடியில் போய் நின்றுகொண்டார். பட்டாபி மிச்சத்தைக் காட்டி, "இதைப் பாரும், இந்தச் சிறுத்தை ஈரலை ஒருநாளும் விடாது, விட்டா உடனே..." என்று தொடங்கினார். பையன் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே, "ஓ, ஓ, செரி" என்றார். பட்டாபி கூடையை எடுத்து ஓரமாக வைத்தார்.

நேசமணி மட்டும் அன்று சாயங்காலம் சொன்னார். "போயிட்டு வாங்க சாமி. மகளுக்க காரியமில்லியா. மிச்சத்த நான் பாத்துக்கிடுவேன். எழுத மட்டும் எனக்குத் தெரியாது."

பட்டாபி வீட்டில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சில் கலந்துகொண்டார். பந்தலுக்கு யாரைச் சொல்வது, செங்கோட்டைக்கு எந்த வண்டியில் போவது என்றெல்லாம் வாயால் பேசினார். நாலு குடம் தண்ணீரில் குளித்தார், சாப்பிட உட்கார்ந்தார், எழுந்தார்.

எட்டாம் நாள் மத்தியானம் அவர் கை கழுவிவிட்டு வரும்போது பாகீரதி இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த வீடுகளில் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே பெண்டாட்டி சாப்பிடுவது வழக்கம். அவள் இன்னும் பரிமாறிக்கொள்ளவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி வந்து உக்காருங்கோ" என்றாள்.

உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷமா உங்களுக்குப் பின்னாடி இந்த இலையிலேதான் உக்காரறேன். ரசத்துக்குச் சாதம் எவ்வளவு, மோருக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். மோர்சாதம் ஒரு பருக்கை மிஞ்சாது, வழிச்சுச் சாப்பிடுவேள். ஒரு கர்க்கடகத்துலே ஒருநாள் பிசைஞ்சு வச்சுட்டு எழுந்தேள். என்னன்னு கேட்டேன், சொல்லலே. அப்புறமா நேசமணி பெண்டாட்டி தங்கபாய் சந்தையிலே பாத்தப்போ சொன்னா, புலி செத்துப் போச்சுன்னு."

பட்டாபி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"இப்போ எட்டு நாளாச்சு. முதல் நாள் ஒரு பிடி மிச்சம். முந்தாநாள் ரெண்டு பிடி. இன்னிக்கு மோருக்கே வரலே. கறிவேப்பிலையை ஒதுக்கற மாதிரி சாதத்தை ஓரத்துக்குத் தள்ளியிருக்கேள்." கொஞ்சம் நிறுத்தினாள். "மிருகத்துக்குத்தான் வாயில்லே. உங்களுக்கு என்ன?"

பட்டாபி தன் இலையைப் பார்த்தார். தான் தினமும் தராசடியில் செய்கிற அதே வேலையை இவள் இந்த அடுக்களையில், ரிஜிஸ்டர் இல்லாமல், தன்னைவிட முன்னாலிருந்தே செய்துகொண்டு வந்திருக்கிறாள்.

"எனக்கு அங்க போகாம இருக்க முடியாது, பாகீ" என்றார். "அந்தப் பையன் மிச்சத்தைப் பாக்க மாட்டான்."

"அதைக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமோல்லியோ?"

"சீதாவுக்கு..."

"சீதாவுக்கு வேற வரன் வரும். நான் தினமும் இந்த இலையிலே எப்படி உக்காருவேன்? சாயங்காலம் அண்ணாட்டே போய் அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கிண்டு வாங்கோ. என் பேரைச் சொல்லுங்கோ. திட்டினா என்னைத் திட்டட்டும்."

வெங்கடேஸ்வரன் திட்டத்தான் செய்தார். "உன் பொண்ணு ஜாதகத்தைப் புலிகிட்டே குடு, அது பாத்துச் சொல்லட்டும்" என்றார். மனு திரும்பி வந்தது. பத்து நாள் கழித்துச் செங்கோட்டையிலிருந்து ஒரு கார்டு வந்தது. நன்றாகப் பொருந்தியிருந்த ஜாதகம் இரண்டாம் தடவை பார்த்தபோது பொருந்தாமல் போய்விட்டதாம். சீதாலக்ஷ்மி அந்தக் கார்டைப் படித்துவிட்டு, "சாரமில்லேப்பா, போனாப் போறது" என்று அடுப்பில் போட்டாள். அழுதிருப்பாள், அப்பாவுக்குத் தெரிகிற மாதிரி அழவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆலப்புழையிலிருந்து ஒரு டிராயிங் மாஸ்டர் அவளைப் பார்க்க வந்தான். மாமனாரின் உத்தியோகத்தைக் கேட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல், புலியை எப்போது கிட்டப் பார்க்கலாம் என்று விசாரித்தான். அவனுக்கே அவளைக் கொடுத்தார்கள். நன்றாகவே இருந்தார்கள்.

ஆனால் சொல்ல வேண்டியது அதுவல்ல. மனு திரும்பி வந்ததற்கு மறுநாள் மத்தியானம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அன்று பட்டாபி காலையில் சிறுத்தையின் கூடையை நிறுத்துவிட்டு வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்தார். பசி பிடுங்கியது. இரண்டு தரம் ரசம், மூன்று தரம் மோர். இலையை வழித்தார். பாகீரதி பக்கத்தில் விசிறியோடு நின்றுகொண்டு, தன் காரியம் முடிந்த திருப்தியில், அவர் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. மனசில் ஒரு எண்ணம் குறுக்கே விழுந்து நின்றது. கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது. இவள் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. தான் எழுந்து போன பிறகு அவள் உட்காருவாள். தான் திரும்பி வருவதற்குள் இலை கொல்லைக்குப் போயிருக்கும்.

"கை காயறது, எழுந்திருங்கோ."

"நீ இன்னொரு இலை போட்டுண்டு உக்காரு."

"நன்னாருக்கு. ஆம்படையான் பாக்க உக்காந்து சாப்பிடறது எங்கயாவது உண்டோ?"

"உக்காரேன்" என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எழுப்ப முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூச்சத்தோடு ஒரு கிழிசல் இலையைப் போட்டுக்கொண்டு, ஒரு கரண்டிச் சாதம் வைத்து மோரை விட்டாள். சாம்பாரைத் தொடவில்லை, ரசத்தைத் தொடவில்லை. நாலு வாய் சாப்பிட்டாள். இடது கை தானாக விலாவுக்குக் கீழே போய் அழுத்திக்கொண்டது. தண்ணீர் குடித்தாள். இன்னும் ஒரு வாய். மீதியை விரலால் மெல்ல இலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல எழப்போனாள்.

பட்டாபி அந்த மிச்சத்தைப் பார்த்தார். வலி உள்ள பிராணி எப்படி ஒதுக்கும், வயிறு நிறைந்த பிராணி எப்படி ஒதுக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"வலி எங்க? மேல் வயித்துலேயா?" என்றார்.

"என்ன வலி? ஒண்ணுமில்லே."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கரடியிடம் பொறுமையாக இருந்து பழகியவர். பாகீரதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓணத்துக்கு முன்னாடியிலேர்ந்து" என்றாள். "காரம் உள்ள போனா எரியறது. சாதத்தைக் காக்காய்க்குப் போட்டுடுவேன். நான்தானே எடுத்துக் கொட்டறேன், யார் பாக்கப்போறா."

அப்போது மார்கழி முடிகிற சமயம். ஐந்து மாதம். மிருகசாலையில் ஒரு முயல் இரண்டு கீரைத் தண்டை விட்டுவைத்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவேன் என்று இருந்த கர்வம் பட்டாபிக்கு அந்த இடத்திலேயே போயிற்று. அதே சமயம் வேறு ஒன்றும் வந்தது. பார்க்கத் தெரிந்திருக்கிறதே, பகவானே, பார்க்கக் கற்றுக்கொடுத்தாயே என்று நெஞ்சு நிறைந்து கண்ணில் வழிந்தது. அவள் பயந்துபோய், "என்ன, என்ன" என்றாள்.

மறுநாள் காலை ஜட்கா வைத்து லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், அப்பாவின் காரியத்துக்குத் தவிர, அவர் எடுத்த முதல் லீவு அது. வயிற்றில் புண், ஆழமாகிக்கொண்டு வருகிறது என்றாள் டாக்டர். இன்னும் மூன்று மாதம் தள்ளியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், இந்தப் பெண்கள் விழுந்தால் ஒழிய வாய் திறப்பதில்லையே என்று கேட்டாள். பட்டாபி கை கூப்பினார். பாலும் கஞ்சியும் மருந்துமாக ஒரு வருஷம் ஆயிற்று. பாகீரதி எழுந்துவிட்டாள்.

அந்த வருஷத்திலிருந்து, 1946-இல் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும்கூட, அந்த வீட்டில் மத்தியானம் எதிரெதிராக இரண்டு இலை போட்டார்கள். அவள் கடைசி வாய் சாப்பிட்டு முடிக்கிறவரை அவர் எழுந்திருக்க மாட்டார். அக்ரஹாரத்தில் இது கேள்விப்படாத சங்கதி. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கிணற்றடியில், "உங்காத்துக்காரர் புலி கூண்டு பழக்கத்தை ஆத்துக்கும் கொண்டுவந்துட்டாராமே, தெருவே சிரிக்கறது" என்றாள்.

பாகீரதி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "சிரிக்கட்டும்" என்றாள். "அதைக் காதாலே கேக்க நான் இருக்கேனே."